ஜெராக்ஸ் அக்காவின் டிக்கெட் டப்பா

ஷட்டரைத் தூக்கியதும் அக்கா முதலில் டிக்கெட் வெட்ட உட்கார்ந்துவிடுவார். முந்தின நாள் மெஷினில் கறுப்பு விழுந்து வீணான தாள்களை அடுக்கி, விரல் நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் நம்பர் ஸ்டாம்பை ஒரு குத்துக் குத்துவார். ஆரம்பத்தில் நம்பர் போடாமல்தான் கொடுத்தார். "இது போலி" என்று அக்காவின் அண்ணன் கிழித்துப் போட்டுவிட்டார். அன்று மத்தியானமே ஸ்டாம்ப் வாங்கியாயிற்று.

டிக்கெட்டுகள் கவுண்டர் ஓரத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். கடைக்கு வருகிறவர்கள் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் வாசலையொட்டி நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். தெருவுக்கு அவர் செக்கர். மறதி நோய் வந்த நாலு வருடத்தில் வீட்டு வழி, சட்டைப் பொத்தான், சாப்பிட்டோமா இல்லையா என்பது, எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிப் போய்விட்டன. டிக்கெட் மட்டும் இறங்கவில்லை. ஆள் உள்ளே வந்ததும் எழுந்து கையை நீட்டுவார். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஓரத்தில் ஒரு கிள்ளுக் கிள்ளி, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்பார். பத்துக்குப் பத்து கடையில் நடு எது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நகலெடுக்கக் கொடுக்கும் எதையும் படித்துவிடுவார். தலைகீழாக வைத்தாலும் படிப்பார்.

"இதெல்லாம் படிக்கலாமாக்கா?" என்று கேட்டால், "மெஷினே படிக்குது. நான் படிச்சா என்ன?" என்பார்.

அண்ணனுக்கு நோய் என்று தெரிந்தபோது ஆஸ்பத்திரியில் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்து, "பார்த்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை. அதன் பிறகுதான் கெட்ட பழக்கம் வேலைக்கு உதவியது. யாராவது தடிமனான ஆஸ்பத்திரி ஃபைலோடு வந்து, அதில் அதே இரண்டு மாத்திரைப் பெயர் கண்ணில் பட்டால் போதும்; அக்கா மெஷினை நிறுத்திவிடுவார்.

"இது யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"குளிக்க வைக்க யாரு வர்றாங்க?"

வந்தவர் திகைத்துப்போய்ப் பதில் சொல்வார். அக்கா அதைப் பழைய தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்வார். அப்படிச் சேர்ந்ததுதான் லிஸ்ட். இப்போது ஐந்து பக்கம். 'பல் டாக்டர், மூன்றாம் தெரு: பொறுமை உண்டு, செவ்வாய் வேண்டாம்.' 'முடி வெட்டுகிறவர் வீட்டுக்கு வருவார், கத்திரியை முதலில் காட்டச் சொல்லவும்.' 'ஏழாம் நம்பர் பஸ் டிரைவர்கள்: ஆள் காணாமல் போனால் இவர்களிடம் சொன்னால் போதும்.' கடைசி வரி அண்ணன் இரண்டு முறை தப்பிப் போய் பஸ்ஸில் ஏறி, பயணிகள் எல்லோரையும் சோதித்து, ஒருவரை இறக்கியும்விட்ட பிறகு சேர்ந்தது.

கேட்கிறவர்களுக்கு லிஸ்டை நகலெடுத்துக் கொடுப்பார். வீட்டு நோயாளி போய்ச் சேர்ந்து, லிஸ்ட் தேவைப்படாமல் போனவர்கள்கூட அந்த வழியே போகும்போது உள்ளே வந்து, டிக்கெட் எடுத்து, செக்கரிடம் காட்டிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு நகலெடுக்க ஒன்றும் இருக்காது. அக்காவும் என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்.

அப்படி ஒரு ஃபைலில்தான் பகல் பராமரிப்பு மையத்தின் விண்ணப்பம் கிடைத்தது. காலையில் வேனில் கூட்டிப்போய் மாலையில் கொண்டுவந்து விடுவார்கள். காலியாக இருந்தது ஒரே இடம். அண்ணன் தனியாக வெளியே போகாதபடி பார்க்க வேண்டியிருந்ததால், அக்கா அப்போதே பாதி நாள் ஷட்டரை இறக்கி வைத்திருந்தார். இடம் கிடைக்காவிட்டால் முழு நாளும் இறக்க வேண்டியதுதான்.

ஆளைப் பார்த்து முடிவு செய்ய மையத்திலிருந்து ஒரு அம்மா வருவதாகச் சொன்னார்கள். அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. ஆயுள் முழுக்க விண்ணப்பங்களோடு பழகியவர். அதிகாரிக்கு முன்னால் எதுவும் கசங்கியிருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அண்ணனுக்குச் சவரம் செய்தார். பழைய காக்கிச் சட்டையைத் தேய்த்து மாட்டினார். காலண்டரில் தேதி கிழித்தார். டிக்கெட் டப்பாவைக் கவுண்டருக்கு அடியில் தள்ளினார்.

மையத்து அம்மா தோள்பையோடு, நேராக நாற்காலிப் பக்கம் வந்து உட்கார்ந்தார். தன் மேல் காக்கிச் சட்டையையும் அந்த அம்மா கையில் காகிதக் கட்டையும் கண்ட செக்கர் நிமிர்ந்துவிட்டார். டிக்கெட் கேட்கவில்லை; மேலதிகாரி விசாரணை என்றே எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு என்ன தேதிங்க ஐயா?"

காலண்டரை ஒரு பார்வை. சரியான பதில்.

"நூறுல ஏழு போனா?"

"தொண்ணூத்தி மூணு. அதுல ஏழு போனா எண்பத்தாறு. மேல சொல்லவா, போதுமா?"

"குளிக்கிறது, துணி மாத்துறது எல்லாம்?"

"நானேதான். வேற யார் வந்து செய்வா?" என்றார், அரை மணி முன்னால் அக்கா போட்டுவிட்ட பொத்தான்களைத் தடவிக்கொண்டே.

மையத்து அம்மா பேனாவை மூடினார். "நல்லா தெளிவா இருக்காரேம்மா. சந்தோஷப்படுங்க. இருக்கறது ஒரு இடம். இவரைவிட முடியாதவங்க காத்துக்கிட்டிருக்காங்க."

தேய்த்த சட்டை அக்காவைப் பார்த்துச் சிரித்தது. மையத்து அம்மா எழுந்து வாசலுக்கு வந்தார். ஒரு கை குறுக்கே நீண்டது.

"டிக்கெட்."

"என்னங்க ஐயா?"

"டிக்கெட்டைக் காட்டுங்க."

"நான் பஸ்ல வரலைங்களே."

"பஸ்ல வராமத்தான் பஸ்ல நிக்கறீங்களா?" கால்களை அகட்டி, வண்டி வளைவில் திரும்புவதுபோல் மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தார் செக்கர். "படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

அக்காவின் கை தானாகக் கவுண்டருக்கு அடியில் போய் டப்பாவைத் தொட்டது. நாலு வருடமாக அண்ணனை யார் முன்னாலும் அசடாக நிற்க விட்டதில்லை. ஒரு சீட்டை நீட்டினால் முடிந்துவிடும். விரல் மூடியைத் தூக்கியது. பிறகு மெதுவாக மூடியது.

கால் மணி நேரம் அந்த பஸ் எந்த ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. மையத்து அம்மா கெஞ்சினார், சிரித்தார், அடையாள அட்டையைக் காட்டினார். "இது செல்லாது." வேறு வழியில்லாமல் அக்கா பக்கம் திரும்பினார். செக்கரும் திரும்பினார்.

"நீங்க யாரும்மா? எங்க ஏறினீங்க?"

"உங்ககூடத்தான் ஏறினேன்" என்றார் அக்கா.

"என்கூட யாரும் வரலையே" என்றார் அண்ணன், மரியாதையாக.

மையத்து அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து, எழுதியதை அடித்து, மறுபடி எழுதினார்.

"தினமும் இப்படித்தானாம்மா?"

"இன்னைக்கு ரொம்ப நல்ல நாள் மேடம்."

அதன் பிறகுதான் டப்பா வெளியே வந்தது. செக்கர் சீட்டை வெளிச்சத்தில் பார்த்தார், கிள்ளினார். "இதை முன்னாடியே காட்டறதுக்கு என்ன? சும்மா நேரத்தை வீணாக்கிட்டு." மையத்து அம்மா மன்னிப்புக் கேட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கே லிஸ்டில் ஒரு வரி கூடியது: 'மையத்திலிருந்து பார்க்க வந்தால், வீட்டைச் சுத்தம் செய்யாதீர்கள். ஆளையும்.'

திங்கட்கிழமை வேன் வந்தது. உள்ளே ஏழு பேர், பலரும் வேறெங்கோ பார்த்தபடி. அண்ணனைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, அக்கா டப்பாவோடு முதலில் ஏறினார். டிரைவர் உட்பட ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "என் அண்ணன் வருவாரு. கேட்டா காட்டுங்க, போதும்." தொப்பி போட்ட ஒரு பெரியவர் இரண்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அண்ணன் படியேறினார். கையை நீட்டினார். ஒருவர் காட்ட, அதைப் பார்த்து அடுத்தவர் காட்ட, கடைசி சீட் வரை சீட்டுகள் எழுந்தன. அவர் ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டே போனார். எல்லாம் சரி. டிரைவரைப் பார்த்து, "ரைட், போலாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவர், கீழே ஒரு அம்மாள் நிற்பதைக் கண்டு புருவத்தைத் தூக்கினார்.

அக்கா முந்தானையில் செருகியிருந்த சீட்டை எடுத்து, வேன் திரும்பும்வரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.