செருப்பு மாட்டும் நேரம்

இந்த ஜெர்மன் ஊரில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும், என் இரண்டாவது கால் வாசலைத் தாண்டியதுமே முதுகுக்குப் பின்னால் கதவு பூட்டிக்கொள்கிறது. ‘ட்ச்சூஸ்’ என்று சிரித்துத்தான் வழியனுப்புகிறார்கள். கோபம் ஏதும் கிடையாது, ஹீட்டர் சூடு வெளியே போய்விடக் கூடாது, அவ்வளவுதான். இருந்தாலும் அந்தச் சின்ன ‘க்ளிக்’ இன்னமும் என் பிடரியில் வந்து விழுகிறது. படியில் நின்று திரும்பிப் பார்ப்பேன். மூடிய கதவில் பெயர்ப்பலகை மட்டும் இருக்கும். கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தது என் வாயிலேயே இருக்கும்.

நெய்வேலியில் கிளம்புவது என்பது தனியாக ஒரு வேலை. டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள். சாம்பாருக்கு வெல்லம் போடலாமா என்பதில்கூட எங்கள் பிளாக் ஒத்துப்போனதில்லை. இந்த ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒன்று. வந்த விஷயத்தை உட்கார்ந்திருக்கும்போது பேசமாட்டோம். டீ குடிப்போம், மழையைப் பேசுவோம், யார் மகனுக்கு எங்கே சீட் கிடைத்தது என்று பேசுவோம். எழுந்து, செருப்பு மாட்டி, கேட் கொக்கியில் கை வைத்த பிறகுதான் ‘அப்புறம் ஒரு விஷயம்’ என்று ஆரம்பிப்போம். அதற்காகவே வீட்டுக்காரர் கேட் வரை கூட வருவார்.

நான் சிறுமியாக இருந்தபோது அம்மா படுத்த படுக்கையானார். அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். மைன்ஸில் வேலை பார்த்த அத்தா, நைட் ஷிஃப்ட்டை மாற்றிக் கேட்க என்னையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஓர் இன்ஜினியர் வீட்டுக்குப் போனார். கோயமுத்தூர் பக்கத்துக்காரர். முறுக்கு தந்தார்கள். அத்தா பம்பைப் பற்றிப் பேசினார், சுரங்கத்தில் நிற்கும் மழைத்தண்ணீரைப் பற்றிப் பேசினார். எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. வெளியே வந்து ஒரு செருப்பை மாட்டி, இன்னொன்றைக் காலால் துழாவிக்கொண்டே, “சார், வூட்ல கொஞ்சம் முடியாம இருக்கு…” என்றார். இன்ஜினியர் முடிக்கவே விடவில்லை. “தெரியுமுங்க பாய். நீங்க எப்பச் செருப்புக்கு வருவீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன். திங்கக்கெழமையிருந்து ஜெனரல் ஷிஃப்ட் வந்துருங்க.” அத்தா சிரித்தது இருட்டில் எனக்குத் தெரியவில்லை. சைக்கிள் மிதித்த வேகத்தில் தெரிந்தது.

பள்ளியிலும் அதே கதைதான். ‘டவுட் இருக்கா?’ என்று டீச்சர் கேட்டால் வகுப்பே கல்லாகிவிடும். மணி அடித்ததும் வராந்தாவில் அவர் பின்னாலேயே ஓடுவோம். அவர் நடையைத் தளர்த்துவார். நான் கற்ற கணக்கெல்லாம் அந்தத் தளர்ந்த நடையில் கற்றதுதான்.

அந்தக் கணக்குதான் என்னை ஜெர்மனியின் கிழக்கே ஒரு சின்ன ஊருக்குக் கொண்டுவந்தது. இங்கேயும் பழுப்பு நிலக்கரி உண்டு. அதை அள்ளிப்போகும் கன்வேயர்களை வரையும் அலுவலகத்தில் எனக்கு வேலை. வந்த புதிதில் ஒரு மீட்டிங் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, கதவருகே போய் என் மேலதிகாரியிடம், ‘அந்த டிராயிங்கில் ஒரு தவறு இருக்கிறது’ என்றேன். கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்த அந்தப் பெண் அப்படியே நின்றாள். “இவ்வளவு நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாய். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?” நான் எதையோ மறைத்தேன் என்றே அவள் நினைத்தாள். மரியாதைக்காகக் காத்திருந்தேன் என்பதை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். திட்டமிட்டுக் காத்திருந்தேன் என்பது போல வந்தது. அதன்பின் என்னைத் திருத்திக்கொண்டேன். விஷயம் முதல் வரியில், நன்றி கடைசி வரியில், கதவருகே எதுவும் கிடையாது. பதவி உயர்வும் வந்தது. நான் மாறியது எனக்கே பெருமையாக இருந்தது.

அத்தா ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மந்தாரக்குப்பத்தில் வீடு எடுத்துத் தனியாக இருக்கிறார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். நான் ஒரே பிள்ளை. ஞாயிறுதோறும் பேசுவோம். “சரிம்மா, வெச்சிடட்டா?” என்பார். “சரிங்கத்தா” என்று நான் வைத்துவிடுவேன். ‘க்ளிக்.’ வருடக்கணக்காக.

போன கோடையில் அத்தாவின் பக்கத்து வீட்டு செல்வி அக்காவிடமிருந்து போன் வந்தது. “ஏண்டி, ஒங்கத்தா வெச்சிடட்டான்னா நீயும் வெச்சிடுவியா? அந்த மனுசன் அப்பறமும் போனக் கையில வெச்சிகினே ஒக்காந்துகினு இருக்காரு. ஏதோ கேக்கணுமாம் ஒங்கிட்ட. எங்கிட்டயா சொல்லுவாரு? ‘எம்பொண்ணு பிசி’ன்னு பெருமை வேற!”

லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். போன அன்றே, பழகிய பழக்கத்தில், முதல் வரியிலேயே கேட்டேன்: “அத்தா, ஏதோ கேக்கணும்னு இருந்தீங்களாமே. என்ன, நேரா சொல்லுங்க.”

“ஒண்ணுமில்லம்மா. நாஷ்டா துண்ணியா?”

“உடம்புக்கு ஏதாவது முடியலையா? டாக்டர் ஏதாவது சொன்னாரா?”

“இன்னாம்மா, விசாரணக் கமிஷன் கணக்கா கேட்டுகினு இருக்க?” என்று சிரித்துவிட்டுப் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அது இறங்கவில்லை. நேராகக் கேட்டு, அவர் பேச்சின் கதவை நான்தான் சாத்தியிருந்தேன். மறுநாள், கடைக்குப் போவதாகச் சொல்லி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பின்னாலேயே வந்தார். “ஏம்மா,” என்றார். “ஒரு பாக்கெட் பால் வாங்கியாந்துடு.”

இடையில் ஒரு நாள் மாலை, தெருக்கோடி கரீம் பாய் இறந்த கதையைச் சொன்னார். மகன் கனடாவிலிருந்து வரும்வரை மையத்தை, அதாவது உடலை, ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்களாம். “கண்ணாடி மேலல்லாம் தண்ணி வழிஞ்சிகினு இருந்துச்சு. மனுசன் வேர்த்து ஊத்திகினு படுத்துனு இருக்கறாப்புல.” பாவம் என்றேன். ஊர்க்கதை என்று நினைத்தேன். கேட்க நினைத்ததைக் கேட்க அவர் அப்போதே வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

கிளம்பும் நாளில் கார் வந்து நின்றது. படியில் உட்கார்ந்து வலது ஷூவின் கயிற்றைக் கட்டினேன். மெதுவாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு. அத்தா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேத்தியாத்தோப்பு வழியா விருத்தாசலம் வழியா என்று டிரைவரைக் கேட்டார். மழை வரும் போலிருக்கு என்றார். இடது ஷூவைக் கையில் எடுத்தபோது குரல் தாழ்ந்தது.

“ஏம்மா, எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, நீ வர்ற வரிக்கும் வெச்சிகினு இருக்க வேணாம்னு ஜமாத்துல சொல்லிடட்டா? அன்னிக்கே அடக்கிடட்டும். அந்தக் கண்ணாடிப் பெட்டில என்னால படுக்க முடியாதும்மா. நீ சரின்னாதான் சொல்லுவேன்.”

ஒரு காலில் ஷூ, ஒரு கால் சிமெண்டுப் படியின் சூட்டில். எங்கள் பக்கம் பெண்கள் அடக்கத்துக்குக் கபருஸ்தான் வரை போவதில்லை. அவரை வழியனுப்ப எனக்கு இருப்பதே வீட்டு வாசல் வரைதான். சரி என்றால் அந்த வாசலும் போகிறது. வேண்டாம் என்றால் அவர் அந்தப் பெட்டிக்குள் எனக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். டிரைவர் ஹாரன் அடித்தார். “நேரமாச்சு, கெளம்பும்மா,” என்றார் அத்தா, எதையுமே கேட்காதவர்போல. நான் இடது ஷூவை மாட்டி, கண் தெரியாமல் ஏதோ ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

இப்போதும் ஞாயிறுதோறும் “சரிம்மா, வெச்சிடட்டா?” என்கிறார். நான் வைப்பதில்லை. அவரும் வைப்பதில்லை. மந்தாரக்குப்பத்து பஸ் ஹாரன் எனக்குக் கேட்கிறது, என் ஜன்னல் ஓரத்து டிராம் அவருக்குக் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, அவரும் திரும்பக் கேட்கவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வலது ஷூவைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறேன். இடது ஷூவில் அந்தப் படியில் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. அவிழ்க்காமலே காலை நுழைத்துக்கொள்கிறேன்.