துளசியில் மொய்த்த கொய்யா ஈ

தாம்பரத்தில் மூன்று பழக்கடை, மாடம்பாக்கத்தில் மாடி வீடு. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் ஒற்றை ஆளாய் உண்டாக்கியவை. இன்று கடைக் கொய்யாவில் ஒரு பழ ஈ உட்கார்ந்தது. முதுகில் மஞ்சள் கோடு, குளவி இடுப்பு, வாலில் ஊசி. எண்பதுகளில் எங்கள் கொல்லையில் அழுகிக் கிடந்த கொய்யா மணம் மூக்கில் ஏறியது.

கசக்கிய துளசியில் மொய்க்கும் பழ ஈக்களுக்கு ஊசியில்லை, அவை ஆண். ஊசியுள்ள பெண்தான் பழத்தைக் குத்தி முட்டையிடுகிறது என்று அந்த வயதிலேயே கண்டுபிடித்தவன் நான். அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவன் அதைத் தன்னுடையதாக்கிப் பள்ளிக் கண்காட்சியில் கோப்பை வாங்கிவிட்டான்.

“நான் சொன்னதுதானேண்ணா?” என்றேன்.

“போடா, ஈ இன்னா உன் வூட்டுதா?” என்றான். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

கோப்பை இன்னும் அவன் ஷோகேஸில் இருக்கிறது. அண்ணா, பாத்திரக்கடையில் கொடுத்து அதில் என் பெயரையும் பொறித்து வை.