ஒன்றுக்குப் பன்னிரண்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கட்டட ஒப்பந்தகாரராகப் பதிவு பெறக் கிளிநொச்சியில் நேர்முகத்துக்குப் போனேன். பதிவு கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க இன்னொருவரின் கீழ் மேசன்தான். பயத்தில் கதிரை நுனியில் இருந்தேன்.

பொறியியலாளர் கேட்டார்: "சுவர் பூசச் சீமெந்து ஒரு பங்கெண்டால், மணல் எத்தினை பங்கு?"

ஐந்து என்று மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் போரில் வன்னிக்குச் சீமெந்து வர அரசின் தடை விழுந்த பிறகு கை பழகிய கணக்கை வாய் சொல்லிவிட்டது.

"பன்னிரண்டு, ஐயா."

"பன்னிரண்டோ? அது சுவரிலை நிக்குமோ?"

"நிக்குதுதானே ஐயா. இந்த அறை போன வருசம் நான் பூசினது."

அவர் எழுந்து பேனை மூடியால் மேசையை ஒட்டிய சுவரைச் சுரண்டினார். மேசையிலிருந்த என் விண்ணப்பத்தின் மேல் மணல் பொலபொலவென்று கொட்டியது. ஓடிவிட நினைத்தேன்.

அவர் மணலை ஊதினார். "காலமையிலிருந்து ஏழு பேர் வந்தவை. எல்லாரும் அஞ்செண்டுதான் சொன்னவை. இந்தத் தடைக்குள்ளை ஆருக்குத் தம்பி அவ்வளவு சீமெந்து கிடைச்சது?"

விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். "சீமெந்து வந்தால் முதல் வேலை இந்தச் சுவர். விளங்குதோ?"

"ஓம் ஐயா."

ஊர் என் நேர்மையைப் புகழ்ந்தது, நானும் மறுக்கவில்லை. உண்மையில், அன்றைய பயத்தில் எனக்குப் பொய் சொல்ல மறந்துபோய்விட்டது.