பெயர் போடாத பேனர்

சிதம்பரத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். கடலூர்க்காரர். அங்கேயே அடித்தால் விஷயம் வெளியே போய்விடும் என்று பஸ் பிடித்து வந்திருந்தார். வழுக்கைத் தலை, முறுக்கிய மீசை. பேசும் முன் இரண்டு பக்கமும் பார்த்து, உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொள்வார். பிறகு கடையே அதிரப் பேசுவார்.

"பையன் நேவில இருக்கான் தம்பி. லீவுல வர்றான். வரவேற்பு பேனர் பத்தடிக்குப் போடணும். ஆனா கப்பல் பேரு, தேதி எதுவும் வரக்கூடாது. நாட்டு ரகசியம்."

"பையன் போட்டோ?" என்றார் கடைக்காரர்.

"மூஞ்சியே தெரியக்கூடாது."

"பேராவது?"

"கூடாதுன்னு கண்டிசனா சொல்லிட்டான்."

கடைசியில் அந்த அப்பாவின் படமும், மாமன் மச்சான்கள் பதினாறு பேர் படமும், 'வருக வருக' என்பதும்தான் மிஞ்சின. கடைக்காரர் அவர் படத்துக்கு ஒரு கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எப்ப வர்றாருன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்களேன்" என்றேன்.

இரண்டு பக்கமும் பார்த்தார். கை வாய்க்குப் போனது. இந்த முறை குரல் நிஜமாகவே இறங்கிவிட்டது.

"எனக்கே தெரியாதுங்க. எங்க இருக்கான்னும் தெரியாது. லீவு கெடச்சா வருவேன்னு சொன்னான். அப்புறம் போனே இல்ல. பேனர் ரெடியா இருந்தா, வர்ற அன்னிக்கே கட்டிடலாம்ல?"

இப்போதெல்லாம் கடலூருக்குப் போனால், தெருமுனைகளில் அந்தக் கூலிங் கிளாஸைத் தேடுகிறேன்.