லேப்டாப் பார்த்த வெள்ளிக்கிழமைகள்

நான் குவைத்தில் டிரைவர். அறந்தாங்கியில் இருக்கும் என் மகள், கல்லூரிப் படிப்புக்காக ஒரு லேப்டாப் கேட்டாள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் அதில் ஓட வேண்டுமாம்.

வழக்கமாக வெள்ளிக்கிழமை நான் போன் செய்தால், "நல்லா இருக்கீங்களாப்பா? அம்மாட்ட குடுக்கிறேன்" என்பதோடு சரி. லேப்டாப் கேட்ட அன்று, ரேம் எவ்வளவு வேண்டும், டிஸ்கை எப்படி இரண்டாகப் பிரிப்பது என்று அரை மணி நேரம் பேசினாள். பாதி புரியவில்லை. அவள் பேசியதே போதுமாக இருந்தது.

அன்று மாலையே அவள் சொன்னதை வாங்கிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அடுத்தடுத்த வெள்ளிகளிலும், "இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேம்மா. இது லினக்ஸுக்குச் சரியா வருமா?" என்று ஏதாவது ஒரு மாடலைச் சொல்லிக் கேட்டேன். இடையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் விடுப்பில் கிளம்பினார். அவரிடமும் கொடுத்தனுப்பவில்லை. அவளோ தோழியின் லேப்டாப்பை இரவல் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து நானே கொண்டுபோனேன். பெட்டிக்குள் கிடந்த பில்லை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. அவள் பில்லை மடித்து உள்ளேயே வைத்துவிட்டாள்.

நான் குவைத் திரும்பிய முதல் வெள்ளி, அவளே போன் செய்தாள்.

"அப்பா, ஒரு மௌஸ் வேணும். அங்கிட்டு நல்லதாப் பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல."

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே மௌஸ் கிடைக்கும். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.