கை ஊன்றாமல்

அந்தத் தெருவுக்குப் பசி என்று யாரும் சாப்பிட வருவதில்லை. கண்ணாடிக் கதவும் காகித விளக்குமாக அடுத்தடுத்து ஐந்தாறு உணவகங்கள். ஒன்று ஜப்பான், ஒன்று கொரியா, எதிர்ப்பக்கம் தாய்லாந்து. வாசலில் கார்கள் ஒன்றையொன்று முட்டாத குறையாக நிற்கும். ஜப்பான் உணவகத்தில் நாற்காலி போட்ட கூடம் தனி, பெரிய மனிதர்களுக்காகப் பாய் விரித்த அறைகள் தனி. பாய் அறைகளில் பரிமாறுகிறவளை எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்த சமையல்காரர்கூட அப்படித்தான்.

பாய் அறையில் மேசை முழங்கால் உயரம்தான் இருக்கும். விருந்தாளிகள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதாக வெளியே பேச்சு. அதெல்லாம் சும்மா. மேசைக்குக் கீழே குழி வெட்டி, காலைத் தொங்கப்போட வசதி செய்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்தோம் என்ற பெருமையும் வேண்டும், கால் மடக்கவும் கூடாது. மடக்க வேண்டியது அக்காவின் கால். கதவை நகர்த்த ஒரு மண்டி, கிண்ணம் வைக்க ஒரு மண்டி, காலிக் கிண்ணம் எடுக்க இன்னொன்று. எழும்போது கையைத் தரையில் ஊன்றக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது. சேர்ந்த புதிதில் மேனேஜர் இதைத்தான் வாரக்கணக்கில் பழக்கினார். அக்கா நன்றாகவே பழகிக்கொண்டாள்.

மூட்டு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாகிறது. இனி மண்டியே போடக்கூடாது என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். தைலம் தடவிக்கொண்டாவது போகலாம் என்றால் அதற்கும் தடை. பச்சை மீன் பரிமாறுகிற அறையில் வேறு வாசனை எதுவும் ஆகாது. அக்கா போட்டுக் குளிக்கிற சோப்புகூட மணமில்லாத சோப்பு. வீட்டுக்காரர் பஸ் டிரைவர், உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு போனவர். "நம்ம ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆள் தேறும்" என்பார். முன்பெல்லாம் அதற்குச் சிரிப்பாள். இப்போது சிரிப்பதும் ஒரு வேலையாக இருந்தது.

வாசல் கவுன்டரில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போகிறாள், இனித் திரும்பமாட்டாள் என்று பேச்சு அடிபட்டது. கவுன்டரில் போன் எடுக்க வேண்டும், வருகிறவர்களை வரவேற்க வேண்டும். அந்த வேலைமேல் அக்காவுக்கு ஒரு ஆசையும் இல்லை. அங்கே இருந்த நாற்காலிமேல்தான் ஆசை. முதுகு உயர்ந்த, சுற்றுகிற நாற்காலி. சாப்பாட்டைப் பார்த்தால் சிலருக்கு நாக்கில் ஊறும். அவளுக்கு அந்த நாற்காலியைப் பார்த்தால் முழங்காலில் ஊறியது. அது கிடைத்தால் பிழைப்பாள், கிடைக்காவிட்டால் பாய்தான். வேலையை விடுகிற நிலைமையில் வீடு இல்லை.

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் மேனேஜர் ஒரு பாய் அறையில் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா கதவருகே நின்றாள்.

"சார், கவுன்டருக்கு என்னைப் போடுங்க."

"உங்களையா? அப்புறம் பாய் ரூமை யாரு பார்க்கிறது?"

"முட்டி போச்சு சார். ரெண்டு வருஷமா முடியலை."

மேனேஜர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே திகைத்துப்போனார். "தினம் பார்க்கிறேன், எனக்கு ஒரு நாள்கூடத் தெரியலையே."

"தெரியக்கூடாதுன்னுதானே சார் சொல்லிக் குடுத்தீங்க."

அவர் மீதி சூப்பைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை வைத்தார். "முதலாளி கவுன்டருக்குச் சின்னப் பொண்ணா தேடறாரு. அக்காவால முடியலை, நானே கண்ணால பார்த்தேன்னு சொன்னா கேட்பாரு. பார்க்காம சொல்ல எனக்கு வராது. ஒரு தடவை உட்கார்ந்து எழுந்திருங்கக்கா."

இது என்ன பெரிய விஷயம் என்று அக்கா நினைத்தாள். நடிக்க வேண்டாம், மறைக்காமல் இருந்தால் போதும். தாராளமாகக் கையை ஊன்றலாம், வாய்விட்டு அம்மா என்று கத்தலாம். மண்டி போட்டாள். எதிரே மேனேஜரின் சூப் கிண்ணம் காலியாக இருந்தது. அவள் கை தன்பாட்டுக்குப் போய் அதை மூடியது, தட்டில் வைத்தது, இரண்டு கையாலும் தட்டைத் தூக்கியது. கால் விரல்கள் மடங்கின, முதுகு நிமிர்ந்தது, எழுந்துவிட்டாள். முட்டிக்குள் சுரீரென்று குத்திய குத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் தட்டு ஆடவில்லை. விருந்தாளிகளுக்கான சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அதை எடுக்கப் பார்த்தாள், வரவில்லை.

"அக்கா, இதைப் பார்த்துட்டு நான் என்னன்னு போய்ச் சொல்றது?" என்றார் மேனேஜர். குரலில் கேலி இல்லை, வருத்தம்தான் இருந்தது.

இன்னொரு தடவை காட்டட்டுமா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. இன்னொரு தடவைக்குத் தெம்பு இல்லை.

அன்று அவளுக்கு மதிய வேலை மட்டும்தான். பஸ்ஸில் வரும்போது மேனேஜர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தன் கால்கள்மேல்தான் வந்தது. கூட இருந்தே குழி பறித்துவிட்டன. வீட்டில் இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு கிடந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார்.

"என்ன சொன்னாரு?"

"நல்லா எழுந்திருக்கேனாம்."

அவருக்கு விளங்கவில்லை. எழுந்து காட்டச் சொன்னதையும், தட்டு ஆடாமல் எழுந்ததையும் சொன்னாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளிச்சம் மங்கியது, அரிசி களைய வேண்டும்.

"ஏங்க, கையைக் குடுங்க. எழுந்திருக்கணும்."

அவர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினார். முதல் இழுப்பில் அவள் எழவில்லை. இரண்டாவது இழுப்பில் "அம்மா" என்று ஒரு கத்து கத்தினாள், பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"இந்தச் சத்தத்தை அங்க போட்டிருக்கக் கூடாதா?" என்றார் அவர்.

"அங்க வரலைங்க," என்றாள் அவள், சுவரைப் பிடித்துக்கொண்டு.