மேபல் கழுவிய கூரை

மேபல் ஹாக்கெட்டைப் போலச் சுத்தக்காரி அந்தக் கிராமத்தில் வேறு எவளும் கிடையாது. ஐம்பத்தைந்து வயதிலும் மண்டியிட்டு வாசற்படிக் கல்லைத் தேய்ப்பாள், தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டுமே! பிறந்து வளர்ந்த அந்தக் கல்வீட்டைத்தான், குடியிருக்க லாயக்கில்லை, இடிக்கப் போகிறோம் என்று கவுன்சில்காரர்கள் எழுதி அனுப்பிவிட்டார்கள். வயிறு எரியாதா?

ஒரே ஒரு வழி இருந்தது. பழங்காலக் கட்டடம்தான் என்று லண்டன் அதிகாரி பிரேத்வெயிட் எழுதிக் கொடுத்தால் வீடு தப்பும். அவர் வியாழக்கிழமை வருகிறாராம்! மேபலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று நாள் வீட்டையே புரட்டிப் போட்டாள். கடைசியில் கணவன் பெர்சியை ஏணியைப் பிடிக்கச் சொல்லி, கூரை மரங்களுக்கு அடியில் இருந்த பரணிலும் ஏறிவிட்டாள்.

"பரண எவன் பாக்கப் போறான்? இறங்கு மேபல்!"

"லண்டன்காரரு அழுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என் மானம் என்னாவறது? வாளிய மேல குடு!"

வியாழக்கிழமை பிரேத்வெயிட் வந்தார். சுவரைத் தட்டினார், ஜன்னல் கல்லைத் தடவினார்.

"இதெல்லாம் பின்னாடி மாத்திக் கட்டினதும்மா. கூரைதான் சாட்சி சொல்லணும். புகைபோக்கி வர்றதுக்கு முன்னாடி கூடத்து நடுவுல தீ மூட்டுவாங்க. அந்தக் காலத்துக் கூரைன்னா மரமெல்லாம் கரி அப்பியிருக்கும்."

விளக்கோடு பரணில் ஏறியவர் தொங்கிய முகத்தோடு இறங்கினார். "மரம் பளிச்சுன்னு இருக்கு. கரியே இல்லையே."

மேபலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ! சோடா உப்புப் போட்டு ஆறு வாளித் தண்ணியில நானே தேய்ச்சேனே!"

"நான் அப்பவே..." என்றான் பெர்சி.

"நீ வாய மூடு!"

"கண்ணால பாக்காதத நான் எழுத முடியாதும்மா." பிரேத்வெயிட் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

வாசலில் பாதிக் கிராமம் நின்றது. முன்னால் பக்கத்து வீட்டு ஈனிட், மேபல் வீட்டில் ஒரு ஒட்டடையாவது கண்ணில் படாதா என்று முப்பது வருடமாகக் காத்திருப்பவள். அவள் முன்னாலா சொல்வது? பிரேத்வெயிட் காரின் கதவைத் திறந்தார்.

"நில்லுங்க! பரண்ல புகைபோக்கிக்குப் பின்னால ஒரு மூலை... அங்க நான் தேய்க்கல. முதுகு வலி. எவன் பாக்கப் போறான்னு விட்டுட்டேன்."

"அடேயப்பா!" என்றாள் ஈனிட்.

பிரேத்வெயிட் உள்ளே ஓடி ஏணியில் தாவி ஏறினார். திடீரென்று மேலிருந்து ஒரு கத்தல்.

"கரி! விரல் கனத்துக்குக் கரி! ஐந்நூறு வருஷத்துக்குக் குறையாதும்மா!"

மேபல் குதித்தே விட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தெருவே அதிரும்படி கூவினாள்:

"கேட்டியாடி ஈனிட்? என் வீட்டுல ஐந்நூறு வருஷ அழுக்கு இருக்கு!"